4.4 சாக்கெட்டில் பழைய ஹெட்போன்: அந்த அடாப்டரை வாங்கலாமா?

கேள்வி: புதிதாக ஒரு மியூசிக் பிளேயர் வாங்கினேன். அதில் 3.5, 4.4 மி.மீ. என இரண்டு சாக்கெட்டுகள் இருக்கின்றன. என்னிடம் இருப்பவை இரண்டு: ஒயர் கழற்ற முடியாத பழைய ஹெட்போன் (3.5 பிளக்), 2.5 பேலன்ஸ்டு கேபிளுடன் வந்த இயர்போன். விற்றவர், 4.4 சாக்கெட்டில் செருகி அதில் 3.5 பிளக்கை மாட்டும் ஓர் அடாப்டர் வாங்கினால் பழைய ஹெட்போனிலும் பேலன்ஸ்டு ஒலி கிடைக்கும் என்கிறார். கூடவே வெள்ளி கேபிள், லெதர் கேஸ், மெமரி கார்டு என்று ஒரு செட்டையும் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா? பிளேயர் கெட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: உங்கள் பயம் சரியானது. அந்த அடாப்டரை வாங்காதீர்கள். பழைய ஹெட்போனை 3.5 சாக்கெட்டிலேயே கேளுங்கள். இயர்போனுக்கு மட்டும் 2.5 பெண் முனையும் (இயர்போன் பிளக்கை மாட்டும் பக்கம்) 4.4 ஆண் முனையும் (பிளேயரில் செருகும் பக்கம்) உள்ள ஒரு சிறிய அடாப்டர் போதும். உங்களுக்கு உண்மையில் தேவைப்படும் துணைப்பொருள் அது ஒன்றுதான்.

காரணத்தைப் புரிந்துகொண்டால் இனி யாரும் உங்களை ஏமாற்ற முடியாது. சாதாரண 3.5 பிளக்கில் மூன்று உலோகப் பகுதிகள் இருக்கும். இடது காதுக்கு ஒன்று, வலது காதுக்கு ஒன்று, இரண்டு காதிலிருந்தும் மின்சாரம் திரும்பி வரப் பொதுவாக ஒன்று. அந்தப் பொது வழியைத்தான் கிரவுண்ட் என்கிறோம். பேலன்ஸ்டு முறையில் பொது வழி கிடையாது. ஒவ்வொரு காதுக்கும் தனித்தனியாக இரண்டு ஒயர், ஆக மொத்தம் நான்கு. அந்த நான்கையும் நான்கு ஆம்ப்ளிஃபயர்கள் இயக்குகின்றன. ஒரு காதின் பிளஸ் ஒயரில் மின்னழுத்தம் ஏறும்போது மைனஸ் ஒயரில் அதே அளவு இறங்கும். பெயர்தான் மைனஸ். அதற்குப் பின்னாலும் ஓர் ஆம்ப்ளிஃபயர் முழு வேகத்தில் வேலை செய்துகொண்டிருக்கிறது.

இப்போது அந்த அடாப்டர் என்ன செய்யும் என்று பாருங்கள். உங்கள் ஹெட்போனின் பிளக்கில் இரண்டு காதின் திரும்பும் ஒயர்களும் ஒன்றாக இணைந்திருக்கின்றன. அதை பேலன்ஸ்டு சாக்கெட்டோடு சேர்த்தால், இடது மைனஸ் ஆம்ப்ளிஃபயரும் வலது மைனஸ் ஆம்ப்ளிஃபயரும் நேருக்கு நேர் ஷார்ட் ஆகும். ஒன்று ஓர் அழுத்தத்தைத் தள்ள, மற்றொன்று வேறோர் அழுத்தத்தைத் தள்ளும். இடையில் தடுக்க எதுவும் இல்லாததால் மின்சாரம் ஹெட்போனைத் தொடாமலே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பாயும். நல்ல பாதுகாப்புச் சுற்று உள்ள பிளேயர் உடனே ஒலியை நிறுத்திக்கொள்ளும். அது இல்லாத பிளேயரில் ஆம்ப்ளிஃபயர் சிப் சூடேறி ஒரு நாள் போய்விடும்.

'போட்டுக் காட்டினாரே, நன்றாகத்தானே பாடியது?' என்று உங்களுக்குத் தோன்றலாம். பாடும். பாடகரின் குரல் பெரும்பாலும் இடது, வலது இரண்டிலும் ஒரே அளவில்தான் பதிவாகியிருக்கும். இரண்டு பக்கமும் ஒரே சமிக்ஞை போகும்போது இரண்டு மைனஸ் ஒயர்களிலும் அழுத்தம் ஒன்றாகவே இருக்கும், அதனால் அவற்றுக்கிடையே பாய எதுவும் இருக்காது. இடதில் ஒரு வாத்தியம், வலதில் வேறொரு வாத்தியம் என்று விரிந்த இசை வரும்போதுதான், அதுவும் சத்தம் கூடும்போதுதான், ஷார்ட்டின் சுமை தெரியவரும். கடையில் இரண்டு நிமிடம் மெல்லிய குரலில் ஒரு பாட்டைப் போட்டுக் காட்டுவது எதையும் நிரூபிக்காது. அந்த அடாப்டரை விற்பவர்களில் பலருக்கு இது தெரியாது. தெரிந்தே விற்பவர்களும் இருக்கிறார்கள்.

ஆகவே அடாப்டர் வாங்கும்போது அதன் திசையைப் பாருங்கள். பிளேயரில் செருகும் ஆண் முனை பேலன்ஸ்டாகவும், ஹெட்போன் மாட்டும் பெண் முனை சாதாரண 3.5 ஆகவும் இருந்தால் தொடாதீர்கள். இதற்கு நேர் எதிரானது, அதாவது பேலன்ஸ்டு பெண் முனையும் 3.5 ஆண் முனையும் உள்ளது, ஆபத்தில்லாதது. உங்கள் 2.5 இயர்போனை அதன் வழியாக எந்த 3.5 சாக்கெட்டிலும் கேட்கலாம். பேலன்ஸ்டு பயன் போய்விடும், அவ்வளவுதான். பேலன்ஸ்டிலிருந்து பேலன்ஸ்டுக்குப் போகும் 2.5 – 4.4 அடாப்டரும் ஆபத்தில்லை.

அதை மட்டும் வீட்டில் சால்டர் செய்துகொள்ளலாம் என்று இறங்காதீர்கள். இரண்டு பிளக்கிலும் ஒயர்களின் வரிசை வேறு. 2.5 பிளக்கின் நுனி வலது மைனஸ், அடுத்து வலது பிளஸ், பிறகு இடது பிளஸ், கடைசியில் இடது மைனஸ். 4.4 பிளக்கின் நுனியோ இடது பிளஸ். அடுத்து இடது மைனஸ், வலது பிளஸ், வலது மைனஸ், அடிப்பகுதியில் கிரவுண்ட். வரிசையை அப்படியே நேராக இணைத்தால் இடமும் வலமும் மாறும், பிளஸும் மைனஸும் புரளும்.

இன்னொன்று. பிளக்கில் மூன்று கறுப்புக் கோடு இருந்தால் பேலன்ஸ்டு என்று சொல்வார்கள். போனோடு வரும் மைக் வைத்த இயர்போனின் 3.5 பிளக்கிலும் அதே மூன்று கோடுதான். அதில் நான்காவது பகுதி மைக்குக்கானது.

இங்கே ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் விற்றவர் அதையே ஆயுதமாக எடுத்துக்கொள்வார். 4.4 பிளக்கில் ஐந்து பகுதிகள் இருக்கின்றன என்றேன். ஐந்தாவது கிரவுண்ட். சில அடாப்டர்கள் இரண்டு மைனஸ் பகுதிகளையும் எதனோடும் சேர்க்காமல் அப்படியே விட்டுவிட்டு, இரண்டு பிளஸையும் கிரவுண்டையும் மட்டும் எடுத்து 3.5 முனைக்குக் கொடுக்கும். அதில் ஷார்ட் ஆகாது. ஆனால் கிடைப்பது பேலன்ஸ்டு ஒலியா என்றால், இல்லை. நான்கு ஆம்ப்ளிஃபயரில் இரண்டு மட்டுமே ஹெட்போனை இயக்கும், பக்கத்திலிருக்கும் 3.5 சாக்கெட்டில் வருவது போன்ற சாதாரண ஒலியே வரும். 4.4 சாக்கெட் மட்டுமே உள்ள கருவிக்கு இது ஒரு வழி. உங்கள் பிளேயருக்கு எதற்கு?

அதிலும் ஒரு சிக்கல் உண்டு. எல்லா பிளேயர்களிலும் அந்த ஐந்தாவது பகுதி உள்ளே கிரவுண்டோடு இணைக்கப்பட்டிருப்பதில்லை. இணைக்கப்படாத பிளேயரில் இந்த அடாப்டரைப் போட்டால் திரும்பும் வழி அறுந்துபோய், இரண்டு காதும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த மாதிரி ஆகிவிடும். இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் கேட்கும், நடுவிலிருக்கும் குரல் கிட்டத்தட்ட மறைந்துவிடும். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலக் கேட்டால் காரணம் இதுவாக இருக்கலாம்.

அடாப்டர் எந்த வகை என்று தெரிய மல்டிமீட்டர் போதும். அதை பீப் ஒலிக்கும் நிலையில் வைத்து, 4.4 பிளக்கின் நுனியிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது, ஐந்தாவது பகுதிகளை ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள். எந்த ஜோடியிலாவது பீப் வந்தால் அது ஷார்ட் செய்யும் அடாப்டர். எதிலும் வராவிட்டால் கிரவுண்ட் வகையாக இருக்கலாம். 2.5 பிளக்கில் ஐந்தாவது பகுதியே கிடையாது. எனவே 2.5 ஆண் முனையிலிருந்து 3.5 பெண் முனைக்குப் போகும் எந்த அடாப்டருக்கும் இந்தச் சலுகை இல்லை.

இவ்வளவையும் வாங்குபவர் ஏன் கையில் மீட்டரோடு கண்டுபிடிக்க வேண்டும்? இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென ஒரு பிளக்கை வைத்தது. 2014-இல் ஆஸ்டெல் அண்ட் கெர்ன் ஏகே240 பிளேயரில் 2.5 பேலன்ஸ்டு சாக்கெட்டைக் கொண்டுவந்தது. அதே ஆண்டு சோனி பிஎச்ஏ-3 என்ற கையடக்க ஆம்ப்ளிஃபயரில் இரண்டு 3.5 சாக்கெட்டுகளை வைத்து பேலன்ஸ்டு கொடுத்தது. ஹைஃபைமேன் ஒற்றை 3.5 பிளக்கிலேயே நான்கு பகுதி வைத்தது. பிறகு ஜப்பானின் மின்னணுத் தொழில் அமைப்பான ஜெய்ட்டா 4.4-க்கு ஒரு தரநிலை வகுத்தது. 2016-இல் சோனியின் வாக்மேன் பிளேயர்களில் அது வந்தது. அதன்பிறகு பெரும்பாலானவர்கள் 4.4-க்கு வந்துவிட்டார்கள், நல்லது. ஆனால் ஐந்தாவது பகுதி உள்ளே இணைந்திருக்கிறதா என்ற ஒற்றை வரியை எத்தனை கம்பெனிகள் கையேட்டில் போடுகின்றன? 'இதில் 3.5 ஹெட்போனை அடாப்டர் வைத்துப் போடாதீர்கள்' என்று எத்தனை பேர் சாக்கெட் பக்கத்தில் எழுதுகிறார்கள்? அந்த எச்சரிக்கை சில கையேடுகளில் எங்கோ கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. பெட்டியின் மேல் இருக்க வேண்டிய வாக்கியம் அது. எழுதாமல் விட்டதால் வரும் நஷ்டம் முழுக்க உங்கள் தலையில். உத்தரவாதம் கேட்டுப் போனால் தவறான பயன்பாடு என்று திருப்பி அனுப்புவார்கள்.

சரி, பழைய ஹெட்போனை நிஜமாகவே பேலன்ஸ்டாக மாற்ற முடியாதா? ஒயர் எப்படிப் போகிறது என்பதைப் பொறுத்தது. இரண்டு காதுக்கும் தனித்தனி ஒயர் போய் நடுவில் சேர்கிறது என்றால், பிளக் வரை நான்கு ஒயர்களும் தனியாகவே வந்திருக்க வாய்ப்புண்டு. அப்போது பிளக்கை மட்டும் வெட்டி 4.4 பிளக் போடலாம். ஒரே காதுப் பக்கம் மட்டும் ஒயர் நுழைகிறது என்றால் பெரும்பாலும் உள்ளே மூன்று ஒயர்தான், விட்டுவிடுங்கள். பேலன்ஸ்டு என்பது ஒயர்களின் எண்ணிக்கையில் இருக்கிறது. பிளக்கின் வடிவம் அதைக் கொடுக்காது.

மாற்றத் தேவை இருக்கிறதா என்பதையும் யோசியுங்கள். பேலன்ஸ்டு சாக்கெட்டில் மின்னழுத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்கு, அதாவது சுமார் 6 டெசிபல் கூடுதல். திறன் கணக்கில் நான்கு மடங்கு என்பார்கள். பேட்டரியும் சிப்பும் அனுமதிக்கும் அளவுக்குத்தான் அது நிஜத்தில் வரும். 300 ஓம் போன்ற அதிக மின்தடை கொண்ட ஹெட்போனுக்கு இந்தக் கூடுதல் அழுத்தம் உதவும். 3.5-இலேயே பாதி வால்யூமில் நிறைவாகக் கேட்கிறீர்கள் என்றால் உங்களுக்கு அது தேவையில்லை. சிறிது மின்சாரத்திலேயே உரக்க ஒலிக்கும் இயர்போன்களில் பேலன்ஸ்டு சாக்கெட் 'ஸ்ஸ்' என்ற இரைச்சலைக் கூட்டவும் செய்யும். பேட்டரியும் சீக்கிரம் இறங்கும்.

விற்பவர்களின் பழைய உத்தி ஒன்று இங்கேதான் வேலை செய்கிறது. முதலில் 3.5-இல் ஒரு பாட்டு, பிறகு வால்யூமைத் தொடாமல் 4.4-இல் அதே பாட்டு. சத்தம் கூடியதுமே நம் காதுக்கு எல்லாம் தெளிவாக, விரிவாகத் தோன்றும். மனிதக் காதின் இயல்பு அது. வால்யூமைக் குறைத்து இரண்டையும் ஒரே அளவில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். அப்படிச் செய்த பிறகும் வித்தியாசம் கேட்டால் தாராளமாக வாங்குங்கள்.

வெள்ளி கேபிளுக்கு வருகிறேன். செம்பைவிட வெள்ளி சுமார் 6 சதவீதம்தான் நன்றாக மின்சாரம் கடத்தும். ஒன்றேகால் மீட்டர் கேபிளில் அந்த வித்தியாசம் ஓர் ஓமின் சிறு பின்னம். வெள்ளி முலாம் பூசிய செம்பை வெள்ளி என்றே சொல்லி விற்பதும் சகஜம். கேபிள் மாற்ற நல்ல காரணம் வேறு இருக்கிறது. 2.5 பிளக் ஒல்லியானது. பக்கவாட்டில் இடித்தால் வளையும், நுனி முறிந்து சாக்கெட்டுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். அடாப்டர் மாட்டினால் நீளமும் கூடி நெம்புகோல் மாதிரி சாக்கெட்டை ஆட்டும். எனவே நடுவில் சிறிய ஒயர் வைத்த அடாப்டராகப் பாருங்கள். பிற்பாடு இயர்போனுக்கு நேரடி 4.4 பிளக் உள்ள செம்புக் கேபிள் ஒன்று வாங்கிவிட்டால் அடாப்டரே வேண்டாம். அதற்கு முன் இயர்போன் பக்கம் இருப்பது வட்டமான எம்எம்சிஎக்ஸ் முனையா, 0.78 மி.மீ. இரட்டை ஊசியா என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு மற்றொன்று பொருந்தாது. எம்எம்சிஎக்ஸை அடிக்கடி கழற்றி மாட்டினால் தளர்ந்துபோகும்.

கேஸ் வாங்குவது உங்கள் விருப்பம். 4.4 பிளக்கின் தடித்த உடல் கேஸின் துளைக்குள் முழுதாக இறங்குகிறதா என்று மட்டும் பாருங்கள். பாதி இறங்கினால் ஒரு காது விட்டுவிட்டுக் கேட்கும். மெமரி கார்டை அந்த செட்டில் வாங்கவே வேண்டாம். கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும் மைக்ரோ எஸ்டி கார்டுகள் இப்படிப்பட்ட தொகுப்புகளில்தான் எளிதாக நுழைகின்றன. முதலில் ஏற்றிய ஆல்பங்கள் பாடும், உண்மையான கொள்ளளவைத் தாண்டி ஏற்றியவை திறக்காது. கார்டை நம்பகமான இடத்தில் தனியாக வாங்கி, கம்ப்யூட்டரில் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ அல்லது எஃப்3 மென்பொருளால் முழுக்க எழுதிப் படித்துச் சோதித்த பிறகு பாட்டு ஏற்றுங்கள்.

கடைசியாக, ஒருவேளை அந்த அடாப்டரை ஏற்கெனவே செருகிப் பார்த்திருந்தீர்கள் என்றால் பதற வேண்டாம், சில நிமிடங்களில் எல்லா பிளேயரும் கெட்டுவிடாது. முதலில் 3.5-இல் ஹெட்போனைக் கேளுங்கள். பிறகு 2.5 – 4.4 அடாப்டர் வந்ததும் இயர்போனைக் காதில் வைக்காமல் பேலன்ஸ்டு சாக்கெட்டில் செருகி, குறைந்த வால்யூமில் ஆரம்பித்து, அப்புறம் காதில் வையுங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவில் கேட்டு, கரகரப்பு இல்லாமல், பிளேயர் வழக்கத்தைவிட அதிகம் சூடாகாமல் இருந்தால் தப்பித்தது. ஒரு பக்கம் மங்கியோ கரகரப்பாகவோ கேட்டால் அந்த சாக்கெட்டைப் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டு, அடாப்டரின் ரசீதோடு விற்றவரிடமே போங்கள். இந்த அடாப்டர் இந்த பிளேயருக்குப் பொருந்தும் என்று அவர் சொன்னதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.