பழைய சுவரு, ஈரப் பாசி, ரெண்டு மில்லிமீட்டர் உயிர்: எதுக்கு காசு போடலாம்?

கேள்வி: வணக்கம் அண்ணா, எங்கிட்ட ஏபிஎஸ்சி சென்சார் கேமரா ஒண்ணு, கூட வந்த 18-55 லென்ஸ், அப்புறம் ஒரு 55-250 ஜூம் இருக்கு. வீட்ட சுத்தி தோட்டம் தொரவு எதுவும் கிடையாது, ரயில் பாலத்துக்கு அடியில கருப்பு புடிச்ச சுவரு, குப்பைத்தொட்டி நிக்கிற சந்து, துரு ஏறின வேலி இவ்ளோதான். குளிர் இப்பதான் லேசா விட்டு வசந்தம் ஆரம்பிக்குது. இந்த நேரத்துல சின்ன பூச்சிங்க கிடைக்குமா, 100 எம்எம் மேக்ரோ லென்ஸ் வாங்கியே ஆகணுமா?

பதில்: தாராளமா கிடைக்கும் தம்பி. இலை எல்லாம் வந்தப்புறம் பூச்சி ஒளிஞ்சுக்க ஆயிரம் இடம் இருக்கும், இப்ப சுவரு மொட்டையா இருக்கு, நமக்கு அதுதான் வசதி. ஓட்டைப் பைப்புல இருந்து தண்ணி கசிஞ்சு பாசி புடிச்ச இடத்த அஞ்சு நிமிஷம் அசையாம பாருங்க, ஸ்பிரிங்டெயில் ஊர்ந்துட்டு இருக்கும். ஒண்ணுல இருந்து மூணு மில்லிமீட்டர் தான் இருக்கும், வயித்துக்கு அடியில வால் மாதிரி ஒரு உறுப்ப மடிச்சு வச்சிருந்து தட்டுனா தெறிச்சு தாவிடும், நல்ல குளிர்லயும் நடமாடுற உயிர் அது. ஈரமான செங்கல்ல புரட்டுனா தொட்டா உருண்டுக்கற சாம்பல் கலர் வுட்லைஸ் இருக்கும், அது பூச்சியே இல்ல, நண்டு இறாலுக்கு சொந்தம். மதியம் சுவத்துல வெயில் விழுந்ததும் குண்டூசித் தலை அளவு சிவப்பு மைட், அதாவது உண்ணி இனத்து சின்ன உயிர், ஓடும், குதிக்கற சிலந்தி வெளிய வரும்.

இப்ப லென்ஸ் விஷயத்துக்கு வரேன். 1:1 மேக்ரோன்னா என்னன்னா, ரெண்டு மில்லிமீட்டர் உயிர் சென்சார் மேலயும் அதே ரெண்டு மில்லிமீட்டரா விழும், அவ்ளோதான். உங்க சென்சார் அகலம் சுமார் 23 மில்லிமீட்டர், அப்ப ரெண்டு மில்லிமீட்டர் ஸ்பிரிங்டெயில் படத்தோட அகலத்துல சுமார் பன்னெண்டுல ஒரு பங்குதான் வரும். அதாவது காசு நிறைய போட்டு 1:1 லென்ஸ் வாங்குனாலும் நீங்க தேடுற சைஸுக்கு அது பத்தாது, மேல ஏதாவது ஒண்ணு மாட்டித்தான் ஆகணும். அதனால முதல்ல கையில இருக்கற 55-250 முன்னாடி ரேய்நாக்ஸ் டிசிஆர் 250 மாதிரி ஒரு நல்ல குளோசப் லென்ஸ் மாட்டி பாருங்க. அதோட பவர் 8 டயாப்டர், அதாவது 125 எம்எம் ஃபோகல் லெங்த், ஜூம 250-ல வச்சு ஃபோகஸ இன்ஃபினிட்டில விட்டா 250 வகுத்தல் 125, நேரா 2:1, அதாவது நிஜத்த விட ரெண்டு மடங்கு பெருசு கிடைச்சிடும். 52-ல இருந்து 67 எம்எம் வரைக்கும் ஃபில்டர் மரை இருக்கற லென்ஸ்ல கிளிப் மாதிரி கவ்விக்கும், பூச்சிக்கும் லென்ஸுக்கும் நடுவுல ஒரு சாண் இல்லனாலும் அரை சாணுக்கு மேல இடம் இருக்கும், வெளிச்சம் போக அது போதும். +1 +2 +4 +10ன்னு நாலு கண்ணாடி செட்டா விக்கறாங்களே அத மட்டும் வாங்காதீங்க, பெரும்பாலும் ஒத்தக் கண்ணாடிதான், ஓரத்துல ஊதா பச்சை கோடு வரும்.

நான் அழுத்திச் சொல்றது ஒண்ணுதான், லென்ஸுக்கு முன்னாடி ஃபிளாஷுக்கு காசு ஒதுக்குங்க. பாலத்துக்கு அடியில மதியமே இருட்டு, 2:1 போனா லென்ஸ் துளைய எஃப் 8-க்கு சுருக்கி வச்சாலும் ஷார்ப்பா வர்ற ஆழம் அரை மில்லிமீட்டர் கூட கிடையாது, இதெல்லாம் சேத்து பாத்தா வெறும் பகல் வெளிச்சத்துல கையில புடிச்சு எடுக்கவே முடியாது. ஃபிளாஷ 1/16 இல்ல 1/32 பவர்ல வச்சா அந்த வெளிச்சம் எரியற நேரம் ரொம்ப ரொம்ப சின்னது, கை நடுக்கமும் பூச்சி ஓட்டமும் அப்படியே நின்னுடும். முன்னாடி வெள்ளை பிளாஸ்டிக்கோ டிரேசிங் பேப்பரோ வளைச்சு கட்டி பூச்சிக்கு எவ்ளோ கிட்ட கொண்டு வர முடியுமோ கொண்டு வாங்க, ஏன்னா ஸ்பிரிங்டெயில் உடம்பு பளபளன்னு இருக்கும், வெளிச்சத்த பரப்பற இந்த டிஃப்யூசர் இல்லன்னா முதுகுல வெள்ளையா ஒரு புள்ளி எரிஞ்சு போய் படமே கெட்டுடும்.

வாங்கறதுக்கு முன்னாடி கேமரா தலையில ஃபிளாஷ் மாட்டற ஹாட்ஷூவ ஒரு தடவ பாத்துக்கோங்க. கேனான் 250டி மாதிரி சில ஆரம்ப நிலை பாடில நடு பின்னே கிடையாது, விலை கம்மியா வர்ற சிங்கிள் பின் மேனுவல் ஃபிளாஷ் அதுல எரியவே எரியாது, தெரியாம வாங்கிட்டு ஃபிளாஷ் பழுதுன்னு நெனச்சுடாதீங்க.

கேள்வி: பெட்டியில பெருசா மேக்ரோன்னு போட்டிருந்த 70-300 ஜூம் வாங்கினேன் சார், எறும்ப எடுத்தா புள்ளியா தெரியுது. ஏமாத்திட்டாங்களா?

பதில்: மேக்ரோங்கற வார்த்தைய எவ்ளோ பெருக்கத்துக்கு போடலாம்னு எல்லா கம்பெனியும் ஒரே மாதிரி வச்சுக்கறது இல்ல, 1:4, 1:2 வர்ற ஜூமுக்கு கூட போடுவாங்க, அதனால சட்டப்படி பொய்னு நிரூபிக்கறது கஷ்டம்ங்க. விவரப் பட்டியல்ல அதிகபட்ச பெருக்கம்னு ஒரு வரி இருக்கும், 0.25ன்னு இருந்தா கால் பங்கு, 1.0ன்னு இருந்தாதான் உண்மையான 1:1. இனிமே எந்த லென்ஸா இருந்தாலும் அந்த ஒரு நம்பர பாக்காம பணம் கட்டாதீங்க. திருப்பி குடுக்கற நாள் இன்னும் முடியலன்னா குடுத்துடுங்க, முடிஞ்சிருந்தாலும் வீண் இல்ல, மேல சொன்ன குளோசப் லென்ஸ் இதுக்கும் பொருந்தும், ஃபில்டர் சைஸ மட்டும் சரி பாத்துக்கோங்க.

எனக்கும் ஒண்ணு நடந்துச்சு. கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவுல மாட்டற எக்ஸ்டென்ஷன் டியூப், ஆட்டோஃபோகஸ் வேலை செய்யும்னு எழுதி ஒருத்தர் வித்தாரு, வந்தது எலக்ட்ரானிக் கான்டாக்டே இல்லாத வெறும் இரும்பு வளையம், அப்பர்ச்சரே மாத்த முடியல. விளம்பரத்த ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சிருந்தேன், பார்சல் பிரிக்கறத வீடியோ எடுத்திருந்தேன், அந்த ரெண்டும் அனுப்பினதும்தான் மறுபேச்சு இல்லாம பணம் திரும்பி வந்துச்சு. இத பழக்கமாவே வச்சுக்கோங்க.

கேள்வி: கேமரா எல்லாம் வேண்டாம், ஃபோன்லயே எடுக்க முடியுமா? மேக்ரோ கேமரா இருக்குன்னு பாத்து ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன்.

பதில்: தனியா 2 மெகாபிக்சல் மேக்ரோ கேமரான்னு போட்டிருந்தா அதுக்காக ஒரு ரூபா கூட அதிகமா குடுக்க வேண்டாம்மா, பெரும்பாலும் ஃபோகஸே மாறாத சின்ன சென்சார்தான். அல்ட்ரா வைட் கேமராவுக்கு ஆட்டோஃபோகஸ் இருக்கான்னு கேளுங்க, இருந்தா ரெண்டு மூணு சென்டிமீட்டர் வரைக்கும் கிட்ட போகும், வுட்லைஸ், நத்தை, பூரான் எல்லாம் அழகா வரும், பின்னாடி சுவரும் கிறுக்கலும் சேந்து தெரியறதால இந்த மாதிரி இடத்துக்கு அந்தப் படம் ரொம்ப நல்லாவும் இருக்கும். ஸ்பிரிங்டெயிலுக்கு மட்டும் அது பத்தாது. ஒலிம்பஸ் டிஜி 6 மாதிரி தண்ணி புகாத சின்ன கேமரா செகண்ட் ஹேண்ட்ல நல்ல நிலைமையில கிடைச்சா யோசிக்கலாம், லென்ஸ்ல இருந்து ஒரு சென்டிமீட்டர்லயே ஃபோகஸ் ஆகும், பல ஃபோகஸ்ல எடுத்து அதுவே ஒண்ணா சேத்தும் குடுக்கும், சேறு மழைன்னு பயப்பட வேண்டியதில்ல.

கேள்வி: பழைய மேக்ரோ லென்ஸ் ஒண்ணு விலைக்கு வருது, எதப் பாத்து வாங்கறது?

பதில்: பின்பக்கம் டார்ச் அடிச்சு முன்பக்கம் வழியா பாருங்க, சிலந்தி வல மாதிரி கிளை விட்டு இருந்தா பூஞ்சை, விட்டுடுங்க. நாலு தூசி இருந்தா கவலையே படாதீங்க. அப்பர்ச்சர் பிளேடு மேல எண்ணெய் மினுக்கு இருக்கக் கூடாது. ஃபோகஸ் வளையத்த கடைசி வரைக்கும் சுத்தி பாருங்க, நறநறன்னு சத்தம் வந்தா உள்ள மணல் போயிருக்கு, இந்த மாதிரி சந்துல படுத்து எடுத்தவங்க லென்ஸ்ல இது நிறைய வரும். உங்க லென்ஸுக்கும் அதே கதி வராம இருக்க தரையில நேரா வைக்காதீங்க, ஒரு பழைய துணி விரிச்சு வைங்க, முட்டிக்கு கீழ கெட்டியா ஒரு மேட் போடுங்க, கையுறை போட்டுட்டு கல்ல புரட்டுங்க, உடைஞ்ச கண்ணாடியும் ஊசியும் கிடக்கற இடம் அது. புரட்டுன கல்ல படம் எடுத்ததும் அதே மாதிரி திருப்பி வச்சுடுங்க, அடியில இருக்கறதுக்கு அந்த ஈரம் போச்சுன்னா வாழ வழி இல்ல.