பெயர்ப்பலகை ஒன்று, சுவை இரண்டு

கேள்வி: வவுனியாவில் பேருந்து மாறும்போது நான் வழக்கமாகக் கொத்துரொட்டி வாங்கும் உணவகத்தின் கிளையொன்று கிளிநொச்சியிலும் திறக்கப்பட்டிருக்கிறது. பெயர், விலை, பெட்டி எல்லாம் ஒன்றே. சுவை மட்டும் வேறு. கறித்தூள் இரண்டு கிளைகளுக்கும் ஒரே இடத்திலிருந்துதான் வருகிறதாம். அப்படியானால் வேறுபாடு எங்கிருந்து வருகிறது?
வாசகர், பரந்தன்

பதில்: தூள் ஒரே இடத்திலிருந்து வரலாம், நெருப்பும் தண்ணீரும் அந்தந்த ஊருடையவை. கொத்துரொட்டியின் மணத்தில் பெரும்பங்கு, ரொட்டியும் முட்டையும் வெங்காயமும் சூடான இரும்புத் தகட்டில் பட்டுச் சிவக்கும்போது உண்டாவது. அவ்வாறு நன்கு சிவப்பதற்கு ஏறத்தாழ 140 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். ஆனால் ஈரம் தேங்கி நிற்கும்வரை உணவின் சூடு 100 பாகையைத் தாண்டாது. ஆகவே, ஒவ்வொருவருக்குரியதையும் தனித்தனியே கொத்தும் கடையில் முறுகலாக வருகிற அதே ரொட்டி, ஆறு பேருக்குரிய கோவாவையும் லீக்சையும் ஒன்றாகக் கொட்டிக் கிளறும் கடையில் அவிந்து குழைந்துவிடுகிறது. அடுத்த முறை தகட்டின் அருகே நின்று காதுகொடுத்துப் பாருங்கள்: மரக்கறி விழுந்ததும் எழும் 'சுர்' என்ற ஒலி உடனே அடங்கி ஆவி மட்டும் கிளம்பினால், அன்றைய கொத்து எப்படி இருக்கும் என்பது பெட்டியைத் திறக்கும் முன்பே தெரிந்துவிடும்.

இதைவிடப் பெரிய காரணம் விற்பனையின் வேகம் என்பது என் எண்ணம். பேருந்து நிலையத்தை ஒட்டிய கிளையில் பொரித்த கோழி சட்டியிலிருந்து இறங்கியவுடனேயே விற்றுப்போகிறது. ஆள்வரவு குறைந்த கிளையில் அது கண்ணாடிப் பெட்டிக்குள் மணிக்கணக்காகக் காத்திருக்க, உள்ளிருக்கும் ஈரம் வெளியேறித் தோலை நமநமக்கச் செய்கிறது. எண்ணெயின் கதையும் அதுவே: ஓடும் கடையில் குறையக் குறையப் புது எண்ணெய் சேர்கிறது, ஓடாத கடையில் பழைய எண்ணெயே திரும்பத் திரும்பக் கொதித்துக் கறுத்துக் கசக்கிறது. (முற்றிலும் புதிய எண்ணெயில் பொரித்ததும் வெளிறித்தான் இருக்கும் என்பதைச் சமையற்காரர்கள் அறிவார்கள்.)

தண்ணீரையும் மறந்துவிட முடியாது. மன்னார், பூநகரிப் பக்கம் சுண்ணாம்புக்கல் நிலம். வவுனியாப் பக்கம் கருங்கல் நிலம். ஒரு கிளை குளத்து நீரைச் சுத்திகரித்த குழாய்நீரிலும் மற்றது கிணற்று நீரிலும் சமைத்தால் பருப்பே காட்டிக்கொடுத்துவிடும். கடின நீரிலுள்ள கல்சியம் பருப்பின் கலச்சுவரை இறுக்குவதால் அது அவிய நெடுநேரம் எடுக்கும். அவசரத்தில் அப்பச்சோடாவைச் சற்றுக் கூடுதலாகப் போட்டுவிட்டாலோ, அவிந்த பருப்பில் சவர்க்காரச் சுவை ஏறும்.

கோடிக்கணக்கில் விற்கும் நிறுவனங்களின் உணவும் எங்கும் என்றும் ஒன்றல்ல. அமெரிக்காவில் மக்டொனால்ட்ஸ் 1990இல் உருளைக்கிழங்குப் பொரியலை மாட்டுக் கொழுப்பிலிருந்து தாவர எண்ணெய்க்கு மாற்றியபோது, பழைய சுவை போய்விட்டதென்று பலர் குறைப்பட்டார்கள். அங்கு விற்கும் கோக்கில் பெரும்பாலும் சோளப்பாகும், மெக்சிகோவில் போத்தலாக்கி அங்கு இறக்குமதியாவதில் கரும்புச் சீனியும் சேர்க்கப்படுகின்றன.

கேள்வி: ஒரே தேயிலைத்தூள்தான், ஆனால் வீட்டுத் தேநீரில் இல்லாத ஏடு கடைத் தேநீரில் மட்டும் படிகிறதே, கலப்படமா?
வாசகி, மாங்குளம்

பதில்: ஏடு படிவதை மட்டும் வைத்துக் கலப்படம் என்று சொல்லிவிட முடியாது. கடின நீரிலுள்ள கல்சியமும் தேயிலைச் சாறும் காற்றுப்படும்போது சேர்ந்து அந்த மெல்லிய ஏட்டை உண்டாக்குகின்றன. பாலில்லாத தேநீரென்றால், ஊற்றியவுடன் சில துளி தேசிக்காய்ச் சாறு விடச் சொல்லுங்கள். நிறம் வெளுக்கும், ஏடும் பெரும்பாலும் படியாது. சந்தேகம் தீராவிட்டால், கடைத் தண்ணீரில் ஒரு போத்தல் கேட்டு வாங்கிச் சென்று, உங்கள் வீட்டுத் தூளை அதிலேயே ஊறவைத்துப் பாருங்கள்.