அறிவியல் புனைகதைத் தொடர்களில் வரும் மேதைச் சிறுவன் ஏன் நமக்கு எரிச்சலூட்டுகிறான்?

மேதைச் சிறுவன் என்றால் பெரியவர்கள் திணறும் சிக்கலை வயதுக்கு மீறிய அறிவால் சட்டென்று அவிழ்த்துவிடும் பாத்திரம். 1987-இல் தொடங்கிய ‘ஸ்டார் ட்ரெக்: த நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடரின் வெஸ்லி க்ரஷர் இதற்குப் பேர்போன உதாரணம். (தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரியின் நடுப்பெயரும் வெஸ்லிதான். செல்லம் கொஞ்சம் கூடிப்போனதில் வியப்பில்லை.)

எரிச்சலுக்குக் காரணம் அவன் அறிவு அல்ல. அவனை உயர்த்திக் காட்ட, சுற்றியிருப்பவர்களைக் கதாசிரியர் மட்டமாக்கிவிடுகிறார். வருடக்கணக்கில் பயின்ற விண்கலப் பொறியாளர்கள் முழிக்க வேண்டும், அப்போதுதான் பையன் ஜொலிப்பான்.

அலங்காநல்லூர் வாடிவாசலை நினைத்துப் பாருங்கள். பழுத்த மாடுபிடி வீரர்கள் மண்ணில் புரளும்போது, நேற்று வந்த பையன் சட்டை கசங்காமல் மாட்டை அணைந்து பைக் பரிசை ஓட்டிக்கொண்டு போனால்? கைதட்ட மாட்டோம், ‘எல்லாம் செட்டப்பு’ என்போம்.

சரி, ஞானசம்பந்தரும் சிறுபிள்ளைதானே? மதுரைக்கு வந்து பாண்டியனின் வெப்பு நோயைத் தீர்த்த கதையை இன்றும் ரசித்துத்தானே சொல்கிறோம்? ஆமாம். ஆனால் அந்தக் கதையில் நாளும் கோளும் சரியில்லை என்று அப்பர் தடுக்கிறார், தங்கிய மடத்துக்கே தீ வைக்கிறார்கள், அனல்வாதம் புனல்வாதம் என்று சோதனை நீள்கிறது. எதிரில் நிற்பவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை.

அப்புறம், வெஸ்லியைப் பிடிக்காவிட்டால் நடித்த பையன் சரியில்லை என்று பலர் நினைக்கிறார்கள்; அவனாக நடித்த வில் வீட்டனோ, கதாசிரியர்கள் எழுதிக் கொடுத்த வசனத்தைத்தான் பேசினார்.