டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுபவர்கள் பகடையைத் திட்டி, அதைச் "சிறையில்" அடைப்பது ஏன்? படித்தவர்களே இப்படிச் செய்யலாமா?

"படித்தவர்களே" என்று கேள்வியில் இருந்ததால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். நான் பொறியியல் படித்தவன். இயந்திர உதிரிபாகங்களை அளந்து பார்த்து, இது தேறும், இது தேறாது என்று கையெழுத்திடுவது என் வேலை. அதே நான், ஊதா நிறத்தில் இருபது முகம் கொண்ட ஒரு பகடையை, அம்மா கொடுத்தனுப்பிய நார்த்தங்காய் ஊறுகாய் தீர்ந்துபோன பாட்டிலில் போட்டு, மூடியை இறுக்கித் திருகி, இரண்டு வாரம் தண்டனை கொடுத்தவன். ஆகவே இந்தக் கேள்விக்கு என்னைவிடத் தகுதியான குற்றவாளி உங்களுக்குக் கிடைப்பது அரிது.

உங்கள் வீட்டு நிலவரத்தை என்னால் ஊகிக்க முடிகிறது. சனிக்கிழமை இரவு உங்கள் கணவரோ தம்பியோ நண்பர்களோடு சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பார். "துரோகி, உன்னைப் போய் நம்பினேனே" என்று குரல் கேட்டதும், யாருக்கோ சண்டை வந்துவிட்டது என்று பதறிப்போய் எட்டிப் பார்த்திருப்பீர்கள். அங்கே நாற்பது வயது மனிதர் ஒருவர், உள்ளங்கையில் கிடக்கும் பிளாஸ்டிக் துண்டைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்திருப்பார். என் மனைவியும் முதல் முறை அப்படித்தான் எட்டிப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை; கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போய்விட்டார். நீங்களாவது கேட்டீர்கள்.

ஆட்டத்தை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்ற இருவர் உருவாக்கி, 1974இல் வெளிவந்த ஆட்டம் இது. ஒருவர் கதையை நடத்துவார். அவருக்கு டன்ஜன் மாஸ்டர் என்று பெயர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, அந்தப் பாத்திரம் என்ன செய்கிறது என்று வாயால் சொல்லிக்கொண்டு போவார்கள். "சுவரேறிக் குதிக்கிறேன்" என்று நீங்கள் தாராளமாகச் சொல்லலாம்; ஆனால் குதித்தீர்களா, காலை முறித்துக்கொண்டீர்களா என்பதைப் பெரும்பாலும் அந்த இருபது முகப் பகடைதான் முடிவு செய்யும். 20 விழுந்தால் கூச்சல் எழும். 1 விழுந்தால் மேசை முழுவதும் ஒரு முனகல் பரவும். இதில் யாரும் பணம் வைத்து ஆடுவதில்லை என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் திருக்குறளின் 94ஆம் அதிகாரம் முழுவதையும் யாராவது எனக்கு எடுத்துக்காட்டுவார்கள். என் பெரியப்பா ஏற்கெனவே எடுத்துக்காட்டிவிட்டார்.

நாங்கள் ஆடுவது அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திலுள்ள மில்வாக்கி நகரில், ஒரு பள்ளி ஆசிரியர் வீட்டு நிலவறையில். கைகாக்ஸ் வாழ்ந்த லேக் ஜெனீவா என்னும் சிற்றூர் அங்கிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரக் கார்ப் பயணம்தான் என்பதால், குலதெய்வக் கோயில் பக்கத்து ஊரில் இருப்பது போன்ற ஒரு பெருமை எங்கள் குழுவுக்கு உண்டு. ஆசிரியர்தான் டன்ஜன் மாஸ்டர். ஒரு நூலகர், ஒரு செவிலியர், ஒரு பல் மருத்துவர், அச்சகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், நான் ஆகிய ஐவரும் ஆடுபவர்கள்.

சம்பவம் நடந்த இரவு, கொள்ளையர் கோட்டை ஒன்றுக்குள் நாங்கள் ஓசைப்படாமல் நுழைய வேண்டியிருந்தது. திட்டம் தீட்டுவதற்கே நாற்பது நிமிடம் ஆயிற்று. என் பாத்திரம் கிளெரிக், அதாவது தெய்வத்தின் அருளால் காயம் ஆற்றும் பூசாரி. உடம்பில் சங்கிலிக் கவசம். அந்தக் கவசத்தோடு பதுங்கிச் செல்பவர் இரண்டு பகடைகளை உருட்டி, இரண்டில் சிறிய எண்ணையே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. "கழற்றிவிட்டு வாருங்கள்" என்றார் நூலகர். "கழற்ற ஐந்தே நிமிடம்தான், விதிப்புத்தகத்திலேயே இருக்கிறது" என்றார் பல் மருத்துவர். நான் மறுத்துவிட்டேன். திடீரென்று சண்டை வந்தால் கவசமில்லாமல் என்ன செய்வது என்று வாதாடினேன். உண்மைக் காரணம் வேறு. அந்தக் கவசத்தை 75 பொற்காசு கொடுத்து வாங்கியிருந்தேன். கற்பனைக் காசுதான் என்றாலும், அத்தனை விலை கொடுத்த பொருளைக் காட்டுப் புதரில் விட்டுவிட்டு வர எனக்கு மனம் வரவில்லை.

என்னிடம் இருந்தது ஊதாப் பகடை ஒன்றுதான். இரண்டாவதற்குச் செவிலியரின் பச்சைப் பகடையை இரவல் வாங்கினேன். இரண்டையும் சேர்த்து உருட்டினேன். ஊதாவில் 1. பச்சையிலும் 1.

ஆசிரியர் சிறிது நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, "சுவரின் உச்சியில் உங்கள் கால் வழுக்குகிறது, எந்தப் பக்கமாக விழுகிறீர்கள்?" என்று கனிவாகக் கேட்டார். உள்பக்கமாக என்றேன். "நல்லது, அங்கேதான் சமையலறைக் கூரை இருக்கிறது. கீழே அண்டாக்களைக் கழுவி அடுக்கி வைத்திருக்கிறார்கள்" என்றார்.

அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனெனில் இன்னும் வலிக்கிறது. எழுந்து நின்று கதாயுதத்தை வீசினேன். ஊதாவில் மீண்டும் 1. அடிபட்டு வீழ்ந்தேன். வீழ்ந்தவர் தம் முறை வரும்போதெல்லாம் ஒரு பகடை உருட்ட வேண்டும்; 10க்குக் குறைந்தால் தோல்வி, மூன்று தோல்வியானால் மரணம், 1 விழுந்தாலோ அதுவே இரண்டு தோல்விக்குச் சமம். எனக்கு 1 விழுந்தது. அடுத்த முறை 4. கதை முடிந்தது. காயம் ஆற்ற ஆளில்லாமல் போனதால், நூலகர் எட்டு மாதமாகப் பார்த்துப் பார்த்து வளர்த்த திருடன் பாத்திரமும் அதே சமையலறை வாசலில் உயிரை விட்டது. மற்ற மூவரும் வந்த வழியே ஓடிவிட்டார்கள்.

கணக்கு தெரியாமல் பேசுகிறான் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஒரு பகடையில் 1 விழும் வாய்ப்பு 20இல் ஒன்று; இரண்டிலும் சேர்ந்து விழுவது 400இல் ஒன்று. ஒரே இரவில் எங்கள் மேசையில் எல்லாருமாகச் சேர்ந்து நூறு முறைக்கு மேல் உருட்டுகிறோம்; அப்படியானால் சராசரியாக ஐந்து முறையாவது 1 விழத்தான் வேண்டும். அன்று அவற்றில் நான்கு என் பங்காக வந்துவிட்டன, அவ்வளவுதான். பகடைக்கு நினைவாற்றல் இல்லை, வஞ்சமும் இல்லை என்பது எனக்கும் தெரியும், பகடையைத் திட்டும் மற்ற நால்வருக்கும் தெரியும்.

தெரிந்தும் அடுத்த சனிக்கிழமை விசாரணை நடத்தினோம். அச்சகப் பெரியவர் நீதிபதியாக அமர்ந்தார். பச்சைப் பகடை இதற்குமுன் எந்தக் குற்றமும் செய்யாதது, தீய சகவாசத்தால் ஒருமுறை தடம் புரண்டது என்று செவிலியர் வாதாடி, அதற்கு விடுதலை வாங்கிக் கொடுத்துவிட்டார். ஊதாவுக்காக வாதாட நான் எழுந்தேன். எங்கள் ஊரில் என் பாட்டி தாயம் ஆடுவார். பித்தளைத் தாயக்கட்டை இரண்டையும் உள்ளங்கைகளுக்கு நடுவே தேய்த்துத் தேய்த்து உருட்டுவார். அந்த ஆட்டத்தில் ஒன்று விழுந்தால்தான் காயைக் கட்டத்துக்குள் இறக்கவே முடியும். அந்த ஒன்றுக்குத்தான் தாயம் என்று பெயர். அது விழாமல் அரை மணி நேரம் வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். எனவே என் கை பரம்பரையாக ஒன்றைப் போடுவதற்கென்றே பழகிய கை, இதில் பகடையின் குற்றம் எதுவும் இல்லை என்று விளக்கினேன். நீதிபதி அதை வாக்குமூலமாகப் பதிவு செய்துகொண்டு, ஊதாவுக்கு இரண்டு வாரச் சிறை விதித்தார்.

இதற்கென்றே குட்டிக் கம்பிக் கூண்டுகள் கடைகளில் விற்கிறார்கள். எனக்குக் காசு கொடுத்து வாங்க மனமில்லாததால் ஊறுகாய் பாட்டில் சிறையானது. எத்தனை முறை கழுவியும் பெருங்காய வாசனை போகவில்லை. விடுதலையான பகடையை முகர்ந்து பார்த்த பல் மருத்துவர், கைதிக்குச் சாப்பாட்டில் எந்தக் குறையும் வைக்கவில்லை போலிருக்கிறது என்றார்.

இந்த இடத்தில்தான் நான் ஒரு தவறு செய்தேன். தரம் பார்க்கும் புத்தி சும்மா இருக்கவில்லை. பகடையை வார்க்கும்போது உள்ளே காற்றுக்குமிழி சிக்கினாலோ, மெருகேற்றச் சுழற்றும்போது ஓரங்கள் ஏறுமாறாகத் தேய்ந்தாலோ, அது ஒரு பக்கம் கனத்துவிடும். இதைக் கண்டுபிடிக்க வீட்டிலேயே ஒரு வழி உண்டு: கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் கரையும் வரை உப்பைப் போட்டுக் கலக்கி, அதில் பகடையை மிதக்கவிட்டு, சுண்டிச் சுண்டி எந்த எண் மேலே வருகிறது என்று பார்ப்பது. ஒரு பக்கம் கனத்த பகடை என்றால் அதே எண் திரும்பத் திரும்ப மேலே வந்து நிற்கும். நாற்பது முறை சுண்டிப் பார்த்தேன். எந்த எண்ணும் குறிப்பிடும்படி முந்தவில்லை. 1 இரண்டே முறைதான் வந்தது. அட்டவணை போட்டு, அச்சடித்து, அடுத்த வாரம் மேசையில் வைத்து, ஊதா குற்றமற்றது என்று அறிவித்தேன்.

ஒருவரும் மகிழவில்லை. தாளை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் வாங்கிப் பார்த்தார்களே தவிர, ஒரு கேலிகூட எழவில்லை. கடைசியில் நூலகர் தாளை மடித்துக்கொண்டே, "அப்படியென்றால் என் திருடனைக் கொன்றது நீங்கள்தான்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனாலும் அதில் உண்மை இருந்தது. ஐந்து நிமிடத்தில் கழற்றியிருக்கக்கூடிய கவசத்தைக் கழற்றாமல் சுவரேறியவன் நான்தான். அது அன்றிரவே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. எட்டு மாத உழைப்பு கண்முன் போன நிலையில் அவர் என்னைத் திட்டியிருந்தால் அது நியாயமாகவே இருந்திருக்கும். ஆனால் அதற்கடுத்த சனிக்கிழமை நான் அந்த வீட்டுக்குப் போயிருக்க மாட்டேன். ஆகவேதான் மேசையே கூடி ஊதாவைத் திட்டியது, குற்றப்பத்திரிகை படித்தது, பாட்டிலில் அடைத்தது. அந்த உதவியின் அருமை தெரியாமல், பகடை நிரபராதி என்று அட்டவணை போட்டு நிரூபித்தவன் நான். உங்கள் வீட்டு மேசையிலும் பகடைக்குத் திட்டு விழும்போது, அன்றைக்கு யாரோ ஒருவர் திட்டு வாங்காமல் தப்பித்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லா மேசையிலும் இப்படித்தான் என்று நான் சாதிக்கவில்லை. பகடைக்கு உண்மையாகவே ராசி பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். நல்ல எண் விழுந்த பகடையை அன்று முழுவதும் பிறர் தொடக் கூடாது என்பவரைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தத் தடையை நான் மூடநம்பிக்கைக் கணக்கில் சேர்க்க மாட்டேன். எங்கள் மேசையில் பாலாடைக்கட்டிப் பொடி தூவிய ஆரஞ்சு நிற நொறுக்குத்தீனியைத் தின்றுகொண்டே, விரலைக்கூடத் துடைக்காமல், அடுத்தவர் பகடையை எடுத்து உருட்டும் ஒருவர் இருக்கிறார். யாரென்று சொல்ல மாட்டேன். ஊர்ப் பற்களையெல்லாம் சுத்தம் செய்பவர் என்பது மட்டும் போதும். பொடி எண்களின் பள்ளத்தில் புகுந்துவிட்டால் பல்குத்தும் குச்சியால்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. பகடைக்குச் சிறை வைத்த நீதிமன்றம் இவர்மீது நான் கொடுத்த புகாரை மூன்று முறை தள்ளுபடி செய்தது என்பதையும் இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

அச்சகப் பெரியவர் சொன்ன ஒன்று உங்கள் கேள்விக்கு நேராகவே பொருந்துகிறது. அவர் 1970களின் இறுதியில் ஆடத் தொடங்கியவர். அப்போது பகடைத் தட்டுப்பாடு ஏற்பட்டு, ஆட்டப் பெட்டியில் பகடைக்குப் பதிலாக எண் அச்சிட்ட அட்டைச் சீட்டுகளை வைத்து விற்றார்கள். அவற்றை ஒரு கோப்பையில் போட்டுக் குலுக்கி, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். வாய்ப்புக் கணக்கில் பகடைக்கும் சீட்டுக்கும் வித்தியாசம் எதுவும் இல்லை. "ஆனால் சீட்டில் 1 வந்தால் எல்லாரும் எடுத்தவன் முகத்தைத்தான் பார்ப்பார்கள், சீட்டை யார் திட்டுவார்கள்?" என்றார் அவர்.

ஊதா இப்போது பணியில் இருக்கிறது. பாட்டிலும் மேசையின் நடுவிலேயே இருக்கிறது. என் பாட்டியின் கதை மட்டும் அவர்களிடம் தலைகீழாக ஒட்டிக்கொண்டது: யாருக்கு 1 விழுந்தாலும் ஐந்து பேரும் ஒரே குரலில் "டாயம்!" என்று கத்துகிறார்கள். தகரம் அவர்கள் நாவுக்கு வரவே இல்லை. சென்ற மாதம் ஒரு கல்லூரி மாணவர் புதிதாகச் சேர்ந்தார். அவர் உருட்டிய முதல் உருட்டலே 1. நிலவறை அதிர்ந்தது. மிரண்டுபோன அவர், அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்டார். அது தென்னிந்தியாவில் துரதிர்ஷ்டத்துக்கு உரிய தேவதையின் பெயர், ஊறுகாய் படைத்தால் சாந்தமடைவாள் என்று பல் மருத்துவர் முகத்தில் சிரிப்பே இல்லாமல் விளக்கினார். மாணவர் என் பக்கம் திரும்பி, உண்மையா என்று கேட்டார். நான் பாட்டிலின் மூடியைத் திறந்து அவர் பக்கமாக நகர்த்தி வைத்தேன்.