ஓடிபி யார் போனுக்குப் போகிறது என்று முதலில் பாருங்கள்

கேள்வி: திண்டுக்கல் பக்கம் மாலை நேர டியூஷன் மையங்கள் நடத்தும் சிறிய அறக்கட்டளை எங்களுடையது. சம்பளத்துக்கு நான்கு பேர், மற்றவர்கள் தன்னார்வலர்கள். வருமான வரித் தளம், பேங்க், ஜிமெயில், ஃபேஸ்புக் என்று எல்லா பாஸ்வேர்டும் ஒரு எக்செல் ஷீட்டில் இருக்கிறது. அந்த ஷீட் எங்கள் வாட்ஸ்அப் குழுவிலும் இருக்கிறது. கணக்குப் பார்த்த பெண் கல்யாணமாகிக் கோவைக்குப் போய்விட்டார். உள்ளூர் கம்ப்யூட்டர் நிறுவனம் ஒன்று, மாதம் ஒருமுறை எல்லா பாஸ்வேர்டையும் மாற்றித் தருகிறோம், வருஷத்துக்கு ரூ.40,000 என்கிறது. எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். அந்தப் பணத்தில் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள்.

மாதாமாதம் வெளியாள் ஒருவர் உங்கள் பாஸ்வேர்டை மாற்றித் தருகிறார் என்றால், மாதாமாதம் அவை எல்லாம் அவருக்குத் தெரியும் என்றுதானே அர்த்தம்? தேதி பார்த்து பாஸ்வேர்டு மாற்றும் பழக்கமே வேண்டாம் என்று அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான என்ஐஎஸ்டி 2017-லேயே சொல்லிவிட்டது. மாற்றச் சொல்லி வற்புறுத்தினால் ஜனங்கள் கடைசி எண்ணை மட்டும் 1, 2, 3 என்று மாற்றுவார்கள், திருடுகிறவனுக்கும் அது தெரியும். ஆள் மாறும்போதும், வெளியே கசிந்திருக்கும் என்று சந்தேகம் வரும்போதும் மாற்றினால் போதும். உங்களுக்கு இப்போது இரண்டுமே நடந்திருக்கிறது, அதனால் ஒருமுறை எல்லாவற்றையும் மாற்றியே ஆக வேண்டும். குழுவில் போட்ட ஷீட்டை அழித்துவிட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அதை எத்தனை பேர் போனில் இறக்கி வைத்திருக்கிறார்களோ.

ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது எக்செல் ஷீட் இல்லை, கோவைக்குப் போன பெண். அவர் மேல் தப்பு எதுவும் இல்லை. வருமான வரித் தளத்திலும், பேங்கிலும், ஜிமெயிலின் மீட்பு எண்ணாகவும் யார் மொபைல் இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். அநேகமாக அவருடையதாகத்தான் இருக்கும். நீங்கள் எவ்வளவு கடினமான பாஸ்வேர்டு வைத்தாலும், 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்று அழுத்தினால் யார் போனுக்கு ஓடிபி போகிறதோ அவர்தான் அந்தக் கணக்குக்குச் சொந்தக்காரர். அவர் நல்லவர், சரி. அந்த எண்ணை அவர் விட்டுவிட்டால்? ரீசார்ஜும் இல்லாமல், பயன்படுத்தாமலும் ப்ரீபெய்டு எண் 90 நாள் கிடந்தால் இணைப்பைத் துண்டிக்கலாம், அதற்குப் பிறகு இன்னொரு 90 நாள் கழித்து அதே எண் வேறு யாருக்கோ போய்விடலாம். அந்த யாரோ ஒருவருக்கு உங்கள் டிரஸ்ட்டின் ஓடிபி போகும்.

அதனால் முதல் செலவு ஒரு சிம், ஒரு சாதாரண பட்டன் போன். அது அலுவலகத்தில், பூட்டுகிற மேஜையில் இருக்க வேண்டும், யார் வீட்டுக்கும் போகக் கூடாது. எல்லாக் கணக்கிலும் அந்த எண்ணைக் கொடுங்கள். இதை முடித்துவிட்டுத்தான் பாஸ்வேர்டு பக்கம் வர வேண்டும்.

அடுத்தது வெப்சைட் செய்து கொடுத்தவர். இந்த ஆளைப் பற்றி நான் எத்தனை முறை எழுதினாலும் போதாது. நிறைய டிரஸ்ட்களின் டொமைன் பெயர், அதாவது வெப்சைட்டின் முகவரி, வெப்சைட் போட்டுக் கொடுத்தவரின் சொந்தக் கணக்கில்தான் பதிவாகியிருக்கிறது. டொமைன் யாரிடம் இருக்கிறதோ அவர் நினைத்தால் அந்தப் பெயரில் வரும் மெயில் எல்லாவற்றையும் தன் பக்கம் திருப்பலாம். மெயில் கைக்கு வந்தால் மற்ற பாஸ்வேர்டுகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொள்ளலாம். நல்ல நாளில் அவர் இதைச் செய்ய மாட்டார், பில் தகராறு வந்த நாளில் செய்வார். டொமைன் புதுப்பிக்கும் பில்லை வாங்கிப் பாருங்கள், அது டிரஸ்ட் பெயரில் இல்லையென்றால் டிரஸ்ட் மெயிலில் ஒரு கணக்குத் திறந்து, டொமைனை மாற்றுவதற்கான ரகசியக் குறியீட்டை (ஆத் கோடு) அவரிடம் கேட்டு, உங்கள் பக்கம் கொண்டுவந்துவிடுங்கள். இழுத்தடிப்பார், கேட்டுக்கொண்டே இருங்கள். 'கூகுள் நான்பிராஃபிட் கணக்கு எடுத்துத் தருகிறேன்' என்று கமிஷன் கேட்கிறவர்களும் இதே ரகம். நிறுவனங்களுக்கு மெயில் தரும் கூகுள் வொர்க்ஸ்பேஸின் அடிப்படை வடிவம் தகுதியுள்ள தொண்டு நிறுவனங்களுக்கு இலவசம், விண்ணப்பத்துக்கும் கட்டணம் கிடையாது. அது வந்துவிட்டால் ஆளுக்கு ஒரு மெயில் கொடுக்கலாம். வேலையை விட்டுப் போகிறவரின் மெயிலை அன்றைக்கே நிறுத்தலாம்.

மூன்றாவது ஆடிட்டர் அலுவலகம். ஆடிட்டர் கோபித்துக்கொண்டாலும் சொல்கிறேன். டிரஸ்ட்டின் வருமான வரி பாஸ்வேர்டு அவருக்குத் தேவையில்லை. அந்தத் தளத்திலேயே உங்கள் கணக்கில் நுழைந்து, 'மை சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட்' என்ற இடத்தில் அவருடைய உறுப்பினர் எண்ணைச் சேர்த்தால், தணிக்கை அறிக்கையை அவர் தன் சொந்த லாகினில் இருந்தே ஏற்றுவார், நீங்கள் உங்கள் லாகினில் ஒப்புதல் கொடுக்கலாம். இந்த வசதி இருப்பதை யாரும் சொல்வதில்லை, ஏனென்றால் பாஸ்வேர்டை வாங்கி வைத்துக்கொள்வது அவர்கள் அலுவலகப் பையனுக்குச் சுலபம். இன்னொன்று டிஎஸ்சி, அதாவது டிஜிட்டல் கையெழுத்து இருக்கும் அந்த யுஎஸ்பி டோக்கன். அது ஆடிட்டர் மேஜை டிராயரில், பின் நம்பர் ஒட்டிய கவரோடு கிடக்கும். வருமான வரித் தளத்தில் அந்த டோக்கனை வைத்தே பாஸ்வேர்டை மாற்றிவிடலாம் என்பது தெரியுமா? 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், பிரிவு 42, அதைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் பொறுப்பு கையெழுத்துக்காரருடையது என்கிறது. போய்க் கேட்டு வாங்கி வாருங்கள், பின் நம்பரையும் மாற்றுங்கள்.

பேங்க் விஷயத்தில் இரண்டாவது பேச்சே இல்லை. நெட் பேங்கிங் பாஸ்வேர்டை ஒருவருக்கொருவர் சொல்லக் கூடாது. நிறுவனக் கணக்குகளுக்கு ஒருவர் பதிவு செய்ய, இன்னொருவர் ஒப்புதல் தருகிற வசதி உண்டு, கிளையில் எழுதிக் கொடுத்து ஆளுக்கு ஒரு லாகின் வாங்குங்கள். பாஸ்வேர்டைப் பகிர்ந்து அதனால் பணம் போனால், நீங்கள் புகார் கொடுக்கும் நேரம் வரைக்குமான நஷ்டம் உங்களுடையது என்று 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி போட்ட சுற்றறிக்கை சொல்கிறது.

இப்போது எக்செல்லுக்குப் பதில் என்ன? பிட்வார்டன் என்று பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்கிற ஒரு செயலி, இரண்டு பேர் பகிர்ந்துகொள்ளும்வரை இலவசம். நான்கு பேர் இருக்கிறோமே என்பீர்கள். நான்கு பேருக்கும் எல்லா பாஸ்வேர்டும் எதற்கு? செயலாளர், பொருளாளர் இரண்டு பேர் போதும். ஃபேஸ்புக் பக்கத்துக்கு பாஸ்வேர்டே தர வேண்டாம், அவரவர் சொந்தக் கணக்குக்குப் பக்கத்தை நிர்வகிக்கும் உரிமை கொடுத்தால் போதும், போகும்போது எடுத்துவிடலாம். இன்டர்நெட்டில் வைக்கவே பயம் என்றால் கீபாஸ் இருக்கிறது, முழுக்க இலவசம், உங்கள் கம்ப்யூட்டரிலேயே ஒரு ஃபைலாக இருக்கும். ஆனால் அதற்கு பேக்கப் எடுக்கிற ஒழுங்கு வேண்டும், அது உங்களிடம் இருக்கிறதா என்று நீங்களே சொல்லுங்கள்.

செயலியைத் திறக்கிற அந்த ஒரே பாஸ்வேர்டு மட்டும் நீளமாக இருக்கட்டும். 2022-ல் இதே மாதிரிச் செயலி நடத்தும் லாஸ்ட்பாஸ் நிறுவனத்தில் வாடிக்கையாளர்களின் பாஸ்வேர்டு பெட்டகப் பிரதிகளையே திருடிக்கொண்டு போனார்கள். உள்ளே இருந்த பாஸ்வேர்டுகள் பூட்டியிருந்தன, ஆனால் முதன்மை பாஸ்வேர்டை லேசாக வைத்தவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். சம்பந்தமில்லாத நான்கைந்து தமிழ் வார்த்தைகளை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதுங்கள்: ஒட்டகம், பித்தளை, சன்னல், நெல்லிக்காய் என்பது மாதிரி (இதையே வைத்துவிடாதீர்கள்). குறள், சாமி பெயர், டிரஸ்ட் பெயரோடு 123, தொடங்கிய வருஷம் இதெல்லாம் கூடாது.

பாஸ்வேர்டைப் பகிரவே கூடாது என்று சொன்னேன், இதற்கு ஒரு விலக்கு உண்டு, அதைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் இதைச் சாக்காக வைத்துத்தான் எல்லாமே பகிரப்படுகிறது. ஒரு நிறுவனத்துக்கு ஒரே லாகின்தான் என்று கட்டிய தளங்கள் இருக்கின்றன, அரசுத் தளங்கள் பலவும் இப்படித்தான். டிரஸ்ட் என்றால் ஒரே ஒரு ஆள் என்று நினைத்துக் கட்டியவர்களை என்ன சொல்ல. பெரிய எழுத்து வேண்டும், சிறப்புக் குறி வேண்டும் என்றெல்லாம் கேட்கத் தெரிந்தவர்களுக்கு, ஒரு டிரஸ்ட்டில் இரண்டு பேர் வேலை செய்வார்கள் என்பது தெரியவில்லை. அந்த இடங்களில் மட்டும் பாஸ்வேர்டு இரண்டு பேருக்குத் தெரியலாம், பிட்வார்டன் வழியாக மட்டும். போனில் சொல்வது, வாட்ஸ்அப்பில் அனுப்புவது, 'அவசரம், ஒரு நிமிஷம்' எல்லாம் கிடையாது. மூன்றாவது ஆள் ஏதாவது ஏற்ற வேண்டியிருந்தால், அந்த இருவரில் ஒருவர் உள்ளே நுழைந்து கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்காரட்டும். பிரவுசர் 'சேமிக்கவா?' என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்த வேண்டும். இருவரில் ஒருவர் விலகினால் அன்றைக்கே மாற்ற வேண்டும், பிரிவு உபசார விழா முடிந்த பிறகு என்று தள்ளக் கூடாது. இருவருமே இல்லாமல் போகும் நாளுக்காக, முதன்மை பாஸ்வேர்டைக் காகிதத்தில் எழுதி, கவரில் போட்டு, ஒட்டிய இடத்தில் மூன்றாவது டிரஸ்டி கையெழுத்துப் போட்டு, பேங்க் லாக்கரில் வையுங்கள். காகிதத்தில் எழுதுவதா என்று கம்ப்யூட்டர்காரர் சிரிப்பார், சிரிக்கட்டும்.

வேலையை ஜிமெயிலில் தொடங்குங்கள், மற்ற எல்லாவற்றின் மீட்பு மெயிலும் அங்கேதான் வரும். பாஸ்வேர்டோடு இன்னொரு சான்றும் கேட்கிற இரண்டடுக்கு உறுதிப்படுத்தலைப் போட்டால் பத்து பேக்கப் கோடு கொடுப்பார்கள், அதையும் அச்செடுத்து அதே கவரில் வையுங்கள். அப்புறம் வருமான வரித் தளம், பேங்க், டொமைன், கடைசியாக ஃபேஸ்புக். நன்கொடையாளர் விவரத்தை வருமான வரித் தளத்தில் மே 31-க்குள் ஏற்ற வேண்டியிருப்பதால் அந்த மாதக் கடைசியில் இதில் கை வைக்காதீர்கள், பாதியில் மாட்டிக்கொண்டால் கெடு போய்விடும். கோவைப் பெண்ணுக்கு முன்கூட்டியே சொல்லி, அவர் ஓய்வாக இருக்கும் ஒரு மத்தியான நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். பழைய எண்ணுக்கு ஓடிபி போகும்போதெல்லாம் அவர் போன் கையில் இருக்க வேண்டும், வாசித்துச் சொல்ல வேண்டும்.