மலசலகூட பைப் மண்ணுக்குள் கசிகிறது, எம்சீல் பூசினால் போதுமா?

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் வீடு. கொமட்டிலிருந்து குழிக்குப் போகும் 4 அங்குல பிவிசி பைப் பக்கம் மண் எப்போதும் ஈரம், மணமும் வருகிறது. தோண்டாமல் மேலால் பூசி நிறுத்தலாமா?

பதில்: நிறுத்த முடியாது. ஈரமும் அழுக்கும் பிடித்த பிவிசியில் எம்சீலும் (பிசைந்து பூசும் எப்பொக்சி பசை) சிலிக்கோனும் நின்று பிடிக்காது. சீமெந்து பிவிசியோடு ஒட்டுவதே இல்லை. சுற்றிவரக் கொங்கிறீற் போட்டால் கசிவு நிற்காது, பிறகு உடைத்தெடுக்கும் பாஸுக்குக் கூலிதான் கூடும்.

மண்வெட்டியை எடுக்க முதல் குழியைப் பாருங்கள். ஒக்டோபர் தொடங்கி ஜனவரி வரையான மாரியில் கரையோர மணல் நிலத்தில் நிலத்தடி நீர் ஏறிவிடும். குழி நிரம்பினால் கழிவு எதிர்த்து வந்து தாழ்வான மூட்டால் வெளியேறும். மூடியைத் திறந்து சற்று விலகி நில்லுங்கள்; வாயு ஆபத்தானது, நெருப்பும் கூடாது. பைப் உள்ளே நுழையும் இடம் நீர்மட்டத்துக்கு மேலே தெரிய வேண்டும். மூழ்கியிருந்தால் பைப் மாற்றிப் பயனில்லை, குழியை உறிஞ்சி எடுக்கும் பவுசருக்குச் சொல்லுங்கள். மேலே தெரிந்தால் கொமட்டுக்குள் கேக் கலர் கரைத்து ஊற்றி, ஒரு வாளி தண்ணீர் அடியுங்கள். பைப்தான் கசிகிறது என்றால், ஈர மண்ணைக் கொஞ்சம் கிளறிப் பார்க்கக் கலர் தெரியும்.

கையுறை போட்டுக்கொண்டு பைப்புக்குக் கீழே 10 சென்ரிமீற்றர் வரை தோண்டுங்கள். எங்கள் மணல் சரியும், பக்கத்துக்குப் பலகை கொடுங்கள். வெடிப்புக்கு இரு பக்கமும் 5 சென்ரிமீற்றர் நல்ல பைப்பையும் சேர்த்து நேராக வெட்டி எடுங்கள்.

புதுத் துண்டு, இரண்டு சொக்கட் (பைப்புகளை இணைக்கும் குழல்), ஒரு டப்பா பிவிசி கம் போதும். சாதாரண சொக்கட்டின் நடுவில் ஒரு வரம்பு இருக்கும். புதைந்த பைப் அசையாததால் அதோடு துண்டைச் செருக முடியாது. வரம்பை அரத்தால் ராவிவிட்டு, இரண்டு சொக்கட்டையும் பழைய பைப்பில் முழுதாக ஏற்றுங்கள். துண்டை நடுவில் வைத்து, அதன் இரு முனையிலிருந்தும் சொக்கட்டின் பாதி நீளத்தைப் பென்சிலால் குறியுங்கள். சாண்ட் பேப்பர் போட்டு, ஈரமே இல்லாமல் துடைத்து, கம் பூசி, சொக்கட்டைக் குறிவரை ஒரே மூச்சில் இழுங்கள். திருகோணமலை வெயிலில் கம் கைக்குள்ளேயே இறுகும், ஆகவே விடியவே செய்யுங்கள். பாதி வழியில் பிடித்துக்கொண்டால் வெட்டத்தான் வேண்டும். பயமென்றால் கிளிப் போட்டு இறுக்கும் றப்பர் சொக்கட் வாங்குங்கள்.

சரிவு மீற்றருக்கு 2.5 சென்ரிமீற்றர். கசிந்த நீர் அடி மணலைக் கரைத்திருக்கும். அந்த வெற்றிடத்தை நிரப்பி இடிக்காமல் விட்டால் பைப் தொங்கி, அடுத்த மூட்டு விலகும். கல்லில்லாத மணலாகப் போடுங்கள்.

ஒரு நாள் கம் காயட்டும். அதுவரை கொமட் பக்கம் யாரையும் விடாதீர்கள், இதுதான் வீட்டில் பெரிய சண்டை. மூட முதல் மூட்டுக்குக் கீழே காய்ந்த பேப்பரை வைத்து மூன்று வாளி தண்ணீரை ஒரேயடியாக ஊற்றுங்கள். பேப்பர் நனையாவிட்டால் மண்ணைத் தள்ளலாம்.

கிணறு கிட்ட இருந்தால் பி.எச்.ஐ.யிடம் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) சொல்லித் தண்ணீரைச் சோதிக்கும் வரை குடிக்காதீர்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்க அந்தத் தண்ணீர் வேண்டாம்.