முழங்கால் வலியை முதலில் மகளிடம் சொல்லுங்கள்

கேள்வி: எனக்கு 53 வயது. போடிநாயக்கனூரில் கணவரோடு சேர்ந்து ஏலக்காய் வியாபாரம் பார்க்கிறேன். டப்ளினில் வேலை செய்யும் மகள், வருகிற ஜூலையில் என்னை ஐஸ்லாந்துக்கு அழைத்துப் போவதாகச் சொல்கிறாள். அங்கே எரிமலைப் பகுதியில் நான்கு நாள் நடை. லாண்ட்மன்னலாய்கர் என்ற இடத்தில் தொடங்கி, இரவில் மலைக் குடில்களில் தங்கி, 55 கிலோமீட்டர் நடக்க வேண்டுமாம். வழிகாட்டி உண்டு, பைகளை வண்டி கொண்டுவந்துவிடும் என்கிறாள். ஆண்டுதோறும் சதுரகிரி ஏறுகிறேன். ஆனால் இரண்டு வருடமாக, இறங்கும்போது வலது முழங்கால் வலிக்கிறது. மகளிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் பயணத்தையே ரத்து செய்துவிடுவாள். முன்பின் தெரியாத ஆண்களும் பெண்களும் ஒரே அறையில் படுப்பார்களாம். பாலமில்லாத ஆறுகளில் இறங்கிக் கடக்க வேண்டுமாம். கணவர் ‘குரங்கணியை மறந்துவிட்டாயா?’ என்று கேட்கிறார். என்னால் மற்றவர்களுக்குத் தொந்தரவாகிவிடுமோ என்பதுதான் என் பெரிய பயம். போகலாமா?
– போடி வாசகி

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

போகலாம். போங்கள் என்றே சொல்வேன். உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது ஒரே ஒரு வரிதான்: ‘மகளிடம் இதைச் சொல்லவில்லை.’

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆகஸ்ட் மாதத்தில் இதே பாதையில் நடந்திருக்கிறேன். லாய்காவேகுர் என்பது அதன் பெயர். வெந்நீர்க் குளங்களின் வழி என்று பொருள். (தலைநகர் ரெய்க்யவிக்கின் கடைத்தெரு ஒன்றுக்கும் இதே பெயர் உண்டு. இணையத்தில் தேடும்போது குழம்பிவிடாதீர்கள்.) எங்கள் குழுவில் எல்லோரையும்விட மெதுவாக நடந்தவர் 60 வயதைத் தாண்டிய ஓர் அம்மையார். முதல் நாள் காலையிலேயே, ‘எனக்கு ஏற்றத்தில் மூச்சு வாங்கும்’ என்று வழிகாட்டியிடம் சொல்லிவிட்டார். வழிகாட்டி அவரைத் தனக்கு அடுத்தபடியாக நிறுத்திக்கொண்டார். குழு முழுவதும் அவருடைய நடைக்கே நடந்தது. அதனால் யாருக்கும் ஒரு குறையும் இல்லை. எல்லோருக்கும் மலையைப் பார்க்க நேரம் கிடைத்தது. எங்களை மழையில் நிறுத்தி வைத்தவர் ஓர் இளைஞர். இரண்டாம் நாள் காலையில் குதிகாலில் கொப்புளம் வந்திருக்கிறது. வெட்கப்பட்டு மறைத்துவிட்டார். செங்குத்தான இறக்கத்தின் நடுவில் தோல் உரிந்து, அடி எடுத்து வைக்க முடியாமல் உட்கார்ந்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. காலையில் சொல்லியிருந்தால் ஒரு பிளாஸ்திரியோடு போயிருக்கும். யாருக்கும் தொந்தரவாக இருக்கக் கூடாது என்று நினைக்கிற நீங்கள் செய்ய வேண்டியது முதலில் இதுதான்: வலியை மகளிடமும், அவள் மூலமாகப் பயணத்தை நடத்தும் நிறுவனத்திடமும் சொல்லிவிடுவது.

அந்தப் பாதை முழங்காலை எங்கே சோதிக்கும் என்பதையும் சொல்கிறேன். உயரத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம். முதல் நாள் 12 கிலோமீட்டர் ஏறிச் சென்று சேரும் ஹ்ராப்டின்னுஸ்கெர் குடில்தான் நீங்கள் தங்கும் இடங்களில் மிக உயர்ந்தது. அதுவே 1,000 மீட்டருக்குச் சற்று மேல், கொடைக்கானலின் உயரத்தில் ஏறக்குறையப் பாதி. சதுரகிரி ஏறும் கால்களுக்கு அந்த ஏற்றம் புதிதல்ல. உங்களுக்கான சோதனை இரண்டாம் நாள் பிற்பகலில் வரும். மேட்டுநிலத்தின் விளிம்புக்கு வந்ததும், கீழே ஆல்ப்டாவட்ன் ஏரியும் பச்சைக் கூம்பு மலைகளும் தெரியும். மனம் துள்ளும். அங்கிருந்து சரளைக்கல் சறுக்கும் செங்குத்தான இறக்கம். நாங்கள் மழையில் நின்றது அங்கேதான். இரண்டு கைகளிலும் ஊன்றுகோல், குறுகிய அடிகள், முழங்காலைச் சற்று மடக்கியே வைத்தல். இந்த மூன்றையும் ஊரிலேயே பழகிக்கொண்டு போங்கள். அதற்கு முன் எலும்பு மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். ‘தொடர்ந்து நான்கு நாள், ஒரு நாளைக்கு 12 முதல் 16 கிலோமீட்டர்’ என்று கணக்கைச் சொல்லிக் கேளுங்கள். பொதுவாக ‘நடக்கலாமா’ என்று கேட்டால் பொதுவான பதில்தான் கிடைக்கும்.

கால் ஒத்துழைக்கவில்லை என்றால் பாதியில் விலக வழி இருக்கிறது. இரண்டாம், மூன்றாம் இரவுகளில் தங்கும் ஆல்ப்டாவட்ன், எம்ஸ்ட்ரூர் குடில்கள் வரை மலைச்சாலை போகிறது. உங்கள் பைகளைக் கொண்டுவரும் வண்டியே அதில்தான் வரும். ‘யாராவது நடக்க முடியாமல் போனால் அந்த வண்டியில் ஏற்றிக்கொள்வீர்களா?’ என்று நிறுவனத்திடம் கேட்கும்படி மகளிடம் சொல்லுங்கள். முதல் இரவுக் குடிலுக்கு மட்டும், பனி அதிகமான ஆண்டுகளில் ஜூலைத் தொடக்கத்தில் வண்டி போய்ச் சேர முடியாமல் போகலாம். அப்படியானால் உறங்கும் பையையும் அன்றைய உணவையும் நீங்களே சுமக்க நேரிடும். இதையும் இப்போதே கேட்டுவிடுங்கள்.

உங்கள் கணவரின் கேள்வியைத் தள்ளிவிடாதீர்கள். 2018 மார்ச் 11-இல் குரங்கணிக் காட்டுத் தீயில் மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த பிறகு, உங்கள் ஊரில் யாராவது குழுவாக மலையேறப் போகிறேன் என்றால் வயிறு கலங்கத்தான் செய்யும். ஐஸ்லாந்து மலைகளும் உயிர் வாங்கியிருக்கின்றன. 2004 ஜூன் கடைசியில், கோடை நடுவில், தனியாக நடந்த 25 வயது இளைஞர் ஒருவர் பனிப்புயலில் சிக்கி, ஹ்ராப்டின்னுஸ்கெர் குடிலுக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தொலைவில் இறந்துபோனார். பாதையோரம் அவருக்கு ஒரு நினைவுக் கற்குவியல் இருக்கிறது. நீங்கள் அதைக் கடந்துதான் போவீர்கள். எங்கள் வழிகாட்டி அங்கே தொப்பியைக் கழற்றிவிட்டு, ஒரு நிமிடம் நின்றார். பிறகு எங்கள் எல்லோருடைய கையுறையையும் தொட்டுப் பார்த்தார். என்னுடையது நனைந்திருந்தது, உடனே மாற்றச் சொன்னார்.

வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணம் இதற்காகத்தான். வெயில் நாளில் வழி காட்ட ஆள் தேவையில்லை. பாதை நெடுக அடையாளக் கம்பங்கள் நட்டிருக்கிறார்கள். மேகம் இறங்கி அடுத்த கம்பம் தெரியாமல் போகும்போது, போவதா நிற்பதா திரும்புவதா என்று முடிவெடுக்க ஆள் வேண்டும். கணவரின் பயத்தை அப்படியே நிறுவனத்திடம் கேள்வியாக வையுங்கள்: வானிலை மோசமானால் முடிவு யாருடையது? வழிகாட்டி ‘இன்று வேண்டாம்’ என்று சொன்னால் நிறுவனம் அதை ஏற்குமா? ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்? குடில்களோடு தொடர்புகொள்ள அவரிடம் என்ன கருவி இருக்கிறது? இவற்றுக்கு மழுப்பலான பதில் வந்தால் வேறு நிறுவனத்தைப் பாருங்கள். தெளிவான பதில் வந்தால் அதைக் கணவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

குடிலில் படுக்கும் விஷயத்துக்கு வருகிறேன். 1927-இல் தொடங்கப்பட்ட ஐஸ்லாந்து நடைப்பயணச் சங்கம்தான் இந்தப் பாதையின் குடில்களை நடத்துகிறது. ஆண், பெண் என்று தனி அறை கிடையாது. அடுக்குப் படுக்கைகள்; பல இடங்களில் ஒரே படுக்கையில் இருவர் அருகருகே படுக்க வேண்டும். நீங்களும் மகளும் ஒரே படுக்கையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சுவரோரம் நீங்கள் படுத்துக்கொள்ளலாம். உறங்கும் பைக்குள் கழுத்து வரை மூடிக்கொள்வதால், நீங்கள் கற்பனை செய்கிற கூச்சம் முதல் இரவிலேயே பாதி போய்விடும். எல்லோரும் களைத்துப்போய்ப் படுக்கிறவர்கள். என்னைத் தூங்கவிடாமல் செய்தது குறட்டையும் வெளிச்சமும்தான். ஜூலையில் அங்கே முழு இருட்டே வராது. காது அடைப்பானும் கண் மூடியும் எடுத்துப் போங்கள். பூட்ஸை வாசலில் கழற்றிவிட வேண்டும். உள்ளே நடக்கக் கம்பளிக் காலுறை நல்லது. கழிப்பறை பெரும்பாலும் வெளியே இருக்கும். ஹ்ராப்டின்னுஸ்கெரில் குளியலறை கிடையாது. கைபேசிக்கு மின்னேற்ற வசதியை நம்ப வேண்டாம்.

கூச்சத்தையும் மீறி, அந்தக் குடில்களை நீங்கள் விரும்பப் போகிறீர்கள் என்று நினைக்கிறேன். மாலையில் ஈரக் கோட்டுகள் கொடியில் தொங்கும். எரிவாயு அடுப்பில் ஒருவர் தண்ணீர் கொதிக்க வைப்பார், இன்னொருவர் உருளைக்கிழங்கு நறுக்குவார். வழிகாட்டிதான் சமைப்பார் என்றாலும், கை கொடுக்காமல் யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். மொழி தெரியாவிட்டாலும் வெங்காயம் நறுக்கலாம். அசைவம் சாப்பிடாதவர் என்றால் முன்கூட்டியே எழுதிச் சொல்லிவிடுங்கள். ஆட்டிறைச்சியும் மீனும் அவர்களுக்கு அன்றாட உணவு. இட்லிப் பொடியும் ஒரு சிறு டப்பா எலுமிச்சை ஊறுகாயும் கொண்டுபோங்கள். ரொட்டியில் தடவி, பக்கத்தில் இருப்பவருக்கும் கொடுங்கள். உங்கள் ஏலக்காயில் ஒரு கைப்பிடி எடுத்துப்போய்த் தேநீரில் தட்டிப் போட்டால், அந்தக் குடிலே உங்களைத் தேடி வரும்.

ஆறுகள். மூன்றாம் நாள் ஏரியை விட்டுப் புறப்பட்டதும் ஒன்று, பிறகு ப்ளாபியாட்லாக்விஸ்ல் என்கிற அகலமான ஒன்று, கடைசி நாளில் த்ரோங்கா. சில ஆறுகளுக்குப் பாலம் உண்டு, இவற்றுக்குக் கிடையாது. வழக்கமாக முழங்கால் அளவு, மழைக்குப் பிறகு தொடை வரை. பனி உருகி வரும் நீர் என்பதால் சில நொடிகளில் கால் மரத்துப்போகும். ஹவாய் செருப்போடு இறங்கவே கூடாது, ஆறு அதைக் கொண்டுபோய்விடும். குதிகாலில் வார் உள்ள பழைய சாண்டல் போதும். இறங்கும் முன் முதுகுப்பையின் இடுப்பு வாரை அவிழ்த்துவிடுங்கள். விழுந்தால் பையை உதறிவிட முடிய வேண்டும். குறுகிய இடம் எளிது என்று தோன்றும், ஆழமும் வேகமும் அங்கேதான். வழிகாட்டி ஆறு அகன்று பிரியும் இடமாகத் தேடி அழைத்துப் போவார். கையைக் கோத்துக்கொண்டு, ஓடும் தண்ணீரைக் குனிந்து பார்க்காமல், எதிர்க்கரையைப் பார்த்தபடி நடங்கள். கரையேறியதும் எல்லோரும் சிரிப்பார்கள். ஏன் என்று தெரியாது, நானும் சிரித்தேன்.

உடை விஷயத்தில் நம்மவர்கள் செய்கிற தவறு பருத்தி. நம் வெயிலுக்கு அதைப்போல உடை இல்லை. அங்கே நனைந்த பருத்தி உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். உள்ளே மெல்லிய கம்பளி, அதன் மேல் தடித்த கம்பளி, எல்லாவற்றுக்கும் மேல் காற்றும் மழையும் புகாத கோட்டும் கால்சட்டையும். உள்ளாடையும் காலுறையும்கூடப் பருத்தியாக இருக்கக் கூடாது. குடையை வீட்டிலேயே வைத்துவிடுங்கள், அங்கே மழை பக்கவாட்டில் பெய்யும்.

இத்தனை சிரமம் எதற்கு என்று யாராவது கேட்டால், முதல் ஒரு மணி நேரமே பதில் சொல்லிவிடும். 1477-ஐ ஒட்டி வெடித்து ஓடி உறைந்த கருங்குழம்புப் பாறைகளுக்கு நடுவே புகுந்து வெளியே வருவீர்கள். எதிரே மஞ்சளும் செம்மண் நிறமும் சாம்பல் பச்சையுமாக ஒரு மலை. அதன் விலாவில் ஆவி புகைந்துகொண்டிருக்கும். கந்தக நாற்றம் மூக்கில் ஏறும். ரையோலைட் என்னும் எரிமலைப் பாறையின் நிறங்கள் அவை. இன்னும் மேலே ஏறினால் காலடியில் கறுப்புக் கண்ணாடித் துண்டுகள் மின்னும். வேகமாகக் குளிர்ந்து இறுகிய எரிமலைக் குழம்பு அது. அதற்கு அவர்கள் வைத்த பெயருக்கு அண்டங்காக்கைக் கல் என்று பொருள் சொல்லலாம். ஒரு துண்டைக்கூட எடுத்து வராதீர்கள், பாதுகாக்கப்பட்ட பகுதி. பாசியையும் மிதிக்காதீர்கள், ஒரு காலடித் தழும்பு ஆற அங்கே பல ஆண்டுகள் ஆகும். மூன்றாம் நாள் முழுவதும் கறுப்பு மணல் பாலை. ஒரு பக்கம் மிர்தால்ஸ்யோகுல் பனிமுடி. அதன் அடியில்தான் கட்லா எரிமலை படுத்திருக்கிறது, கடைசியாகப் பெரிதாக வெடித்தது 1918-இல். அன்று மாலை எம்ஸ்ட்ரூர் குடிலில் இருந்து கொஞ்ச தூரம் நடந்தால் மார்கர்ஃப்ளியோட் ஆற்றின் பள்ளத்தாக்கு. கால் வலித்தாலும் அதைப் பார்க்காமல் படுக்காதீர்கள்.

பயிற்சிக்கு மூன்று மாதம் வையுங்கள். வாரத்தில் நான்கு நாள் நடை, அதில் ஒருநாள் 12 கிலோமீட்டர், ஐந்து கிலோ முதுகுப்பையோடு. கடைசி மாதத்தில் அடுத்தடுத்த இரண்டு நாட்கள் நீண்ட நடை போங்கள். மறுநாள் காலையில் முழங்கால் என்ன சொல்கிறது என்பதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டியது. போடிமெட்டுப் பக்கம் ஏறும்போது பஸ்ஸில் போய்விட்டு, இறங்கும்போது நடக்க முடிந்தால் நல்லது; உங்களுக்குத் தேவை இறக்கப் பயிற்சி. பூட்ஸை இப்போதே வாங்கி, மழை நாளிலும் அதைப் போட்டுக்கொண்டு நடங்கள்.

மகள் ரத்து செய்துவிடுவாள் என்கிறீர்கள். அம்மாவை இவ்வளவு தூரம் அழைத்துப் போக நினைக்கிற பெண், முழங்காலுக்காக அம்மாவை விட்டுவிடுவாளா? அப்படியே தயங்கினாலும், வண்டி வரும் குடில்களையும் மருத்துவரின் சொல்லையும் மூன்று மாதப் பயிற்சியையும் எடுத்துச் சொல்லுங்கள். நான்கு நாளையும் முடிக்க முடியாது என்று மருத்துவர் சொன்னால், லாண்ட்மன்னலாய்கரிலேயே இரண்டு இரவு தங்கி, பகலில் சுற்று வட்டார மலைகளில் நடந்து, மாலையில் அங்கே உள்ள வெந்நீர் ஓடையில் இருவரும் கழுத்தளவு உட்கார்ந்திருக்கலாம். அதுவும் எனக்குக் குறைந்த பயணமாகத் தோன்றவில்லை.

நடந்து முடித்தால், கடைசி ஆற்றைக் கடந்த சிறிது நேரத்தில் தோர்ஸ்மோர்க் காடு வரும். மூன்று நாள் ஒரு மரம்கூடப் பார்க்காமல் வந்த கண்ணுக்கு, தலைக்கு மேல் சற்றே உயர்ந்த பிர்ச் மரங்கள் பெருங்காடாகத் தெரியும். மழை பெய்திருந்தால் இலை வாசனை வரும். நாங்கள் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு அங்கே நின்றோம். ஏலக்காட்டு வாசனையில் வளர்ந்த உங்களுக்கு அது எப்படி இருந்தது என்று திரும்பி வந்து எனக்கு எழுதுங்கள்.